குதிரைப் பட்டி நல்லமுத்து

உடப்புசல்லாவையிலிருந்து வலப்பனைக்கு இறங்கும் பாதையோரம், எங்கள் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில், தேயிலைக்கு நடுவே முள்முருங்கை மரங்கள் சதுரம் கட்டி நிற்கும் ஓர் இடம் இருக்கிறது. நிழலுக்கு வைத்த மரம் அப்படி நாலு பக்கமும் வேலி பிடித்தாற்போல் நிற்காது. புதிதாக வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "அது குதிரைப் பட்டிங்க. சாமி பூச்செடியத் தொரை புடுங்கச் சொன்னாரு, சாமி குதிரைய அடிச்சிருச்சு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அங்கே ஒரு குதிரை இருந்தது, செத்தது என்பதைத் தவிர அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. அந்தப் பட்டியைக் கட்டிய நல்லமுத்து மாமாவும் அவர் மனைவி அம்மாக்கண்ணு அத்தையும் அக்கரப்பத்தனையில் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இனி உள்ளதைச் சொன்னால் யாருக்கும் நோகாது.

தோட்டத்து ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பிராவுக்கும் அவர்கள் காம்பிராவுக்கும் இடையில் ஒரே சுவர். லயத்துச் சுவரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. அவர் இருமினால் எங்கள் அடுப்படியில் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்கு மனப்பாடம். சொந்தம் ஒன்றும் கிடையாது, மாமா, அத்தை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. நான் அப்போது கல்யாணமாகாத ஆள், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தில் வேலை.

மாமா குதிரைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கியவர். முன்பிருந்த பெரிய தொரை மலை சுற்றப் போவது குதிரையில்தான். அதைக் கழுவித் தேய்த்து, தீனி வைத்து, தொரை ஏறும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவர் வேலை. அப்புறம் மோட்டார் சைக்கிள் வந்தது, ஜீப் வந்தது. குதிரையை விற்றுவிட்டுக் குதிரைக்காரரை மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிடரி சீவிய கைக்குத் தேயிலைச் செடியைத் தலை நறுக்கிக் கவ்வாத்து வெட்டுவது கடைசிவரை ஒத்துவரவில்லை. "குதிரைக்காரரே, தேயிலைக்கும் தல சீவி விடுறீங்களா?" என்று பக்கத்து நிரைக்காரர்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வார். யாரோடும் முகம் முறிக்கமாட்டார். யாராவது கோபப்படுவார்கள் என்று தெரிந்தால் அந்தப் பேச்சையே வேறு பக்கம் திருப்பிவிடுவார். அது நல்ல குணம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மழைக்காலத்தில் கவ்வாத்துக்குப் போனவர் சரிவில் வழுக்கி, தண்ணீர் இறங்க வெட்டியிருந்த கானுக்குள் விழுந்தார். முறிந்த கால் கூடியது, கோணலாகக் கூடியது. அதன்பிறகு மேட்டில் ஏறினால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். அத்தைக்கு ஏற்கெனவே இழுப்பு. கூடை சுமக்க முடியாமல் அவர் பேரை வெட்டி நாளாகியிருந்தது. வேலையில் பேர் உள்ளவர்களுக்குத்தான் காம்பிரா. மாமாவின் பேரும் போனால் அந்த ஒற்றை அறையும் போய்விடும். தாங்கிப் பிடிக்கப் பிள்ளைகளும் இல்லை. பிறந்ததெல்லாம் தவழுவதற்குள் கைவிட்டுப் போனவை.

போக இடமா இருந்தது? சுதந்திரம் வந்த கையோடு எங்களுக்குப் பிரஜா உரிமை இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தியாவோ அத்தை கண்ணால் காணாத ஊர். அக்கரப்பத்தனையில் அத்தையின் தம்பி வீரய்யா, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரே காம்பிராவில் நெருக்கிக்கொண்டு கிடந்தார். ஒரு தடவை திருவிழாவுக்குப் போனவர்கள் கூடக் கொஞ்சம் தங்கிவிட்டதற்கே தம்பி பெண்டாட்டி பாத்திரத்தை உருட்டிக் காட்டியிருக்கிறாள். "பிச்ச எடுத்தாலும் எடுப்பேன், அவ வாசல்ல போயி நிக்கமாட்டேன்" என்று அத்தை சொன்னது சுவர் வழியாக எனக்கும் கேட்டது.

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், எல்லார் முன்னாலும் கணக்கப்பிள்ளை ஒருநாள் கேட்டார்.

"நல்லமுத்து, நீ எந்த வேலைக்குத்தான்யா லாயக்கு? ஒம் பேர நான் இன்னும் எத்தன நாளைக்கு வச்சிக்கிட்டு இருக்கிறது?"

மாமா வழக்கம்போல் சிரித்தார். சிரிக்கிற விஷயமா அது?

தொரை தன் மகளுக்குக் குதிரை வாங்கப்போகிறார் என்ற பேச்சு அந்தச் சமயத்தில்தான் வந்தது. நுவரெலியாப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை. தோட்டத்தில் பழைய கொட்டில்கூட இடிந்து போயிருந்தது. பழைய குதிரைக்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்று கணக்கப்பிள்ளையே சொல்லியிருக்கிறார், பாவம் பார்த்தோ, பாரத்தை இறக்கி வைக்கவோ. தொரை களத்துக்கு வந்து மாமாவைக் கூப்பிட்டார்.

"நீ குதிரை பாக்கிறது தெரியும்?"

"தெரியுங்க தொரை."

"பட்டி கட்டுறது தெரியும்?"

"தெரியுங்க."

"நல்ல பட்டி கட்டு. குதிரை நல்லா இருந்தா நீ நல்லா இருக்கும். குதிரைக்கு ஏதும் வந்தா நீ போ."

வெள்ளைக்காரத் தமிழ். மரியாதை இல்லாவிட்டாலும் அர்த்தத்தில் ஒரு குறையும் கிடையாது. அன்று மாலை மாமா அந்தக் கோணல் காலோடு லயத்துக்கு ஓடி வந்ததை நான் பார்த்தேன். அத்தை கற்பூரம் ஏற்றினார்.

குதிரைக்கு இடம் தேடுவது பெண் தேடுவதைவிடப் பெரிய பாடாக இருந்தது. எங்கள் பக்கத்தில் தேயிலை வைக்காத இடமென்றால் அது பாறையாக இருக்கும், இல்லையென்றால் சேறாக இருக்கும். ஓடைக்கரைப் பள்ளத்தைக் காட்டினார்கள். அங்கே குளம்பு ஈரத்தில் அழுகிவிடும் என்று வேண்டாமென்றார். பங்களாவுக்குப் பின்னால் ஒரு புல்மேடு. அது கூரை மாதிரிச் சரிவு, காற்றும் நேராக மோதும். கடைசியில் கீழ்ப்பிரிவில், முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில், ஓரளவு மட்டமான புல்தரை அவருக்குப் பிடித்துப்போனது. மேலே சவுக்குத் தோப்பு காற்றை மறித்தது. ஊற்றிலிருந்து இறக்கிய பீலித் தண்ணீர் வருஷம் முழுக்க நிற்காமல் விழுந்தது. லயத்திலிருந்து அவர் காலுக்கு எட்டுகிற தூரம் என்பதும் ஒரு காரணம்.

முனியாண்டி என்றால் கோயிலெல்லாம் கிடையாது. மரத்தடியில் ஒரு நெட்டைக் கல், ஒரு சூலம். கவ்வாத்துத் தொடங்குகிற காலையில் எல்லாரும் கத்திகளைக் கொண்டுபோய் அந்தக் கல்லுக்கு முன்னால் அடுக்கி, பூப்போட்டு, கும்பிட்டபிறகுதான் முதல் வெட்டு விழும். கல்லுக்குப் பின்னால் ஆளுயரத்துக்குச் செவ்வரளிப் புதர்கள் நின்றன. அத்தை வைத்தவை. கடைசிப் பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுத்த வருஷம், யாரோடும் பேசாமல் போய் அந்தக் குச்சிகளை நட்டாராம். செவ்வாய், வெள்ளியில் அவர் கட்டுகிற மாலைதான் சாமிக்கு.

மாமா வேலையில் இறங்கினார். அவரை அப்படி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலில் கல் பொறுக்கினார். பொறுக்கினார் என்று சொல்வது மரியாதைக்கு, சுமந்தது நான். எலி வளைகளைத் தேடித்தேடி மண்ணடித்து மூடினார், குதிரை கால் விட்டால் எலும்பு முறியும் என்று. மேல்பக்கத்து மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கான் வெட்டினோம். வேலிக்கு முள்கம்பி அனுப்பியிருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு முள்முருங்கைக் கம்புகளை ஊன்றி, குறுக்கே தோல் சீவிய சவுக்குக் கழிகளை நெஞ்சு மட்டத்துக்கும் முழங்கால் மட்டத்துக்கும் கட்டினார். முடிச்செல்லாம் வெளிப்பக்கம். "உள்ள உரசுனா மேலு கிழிஞ்சிரும்ல" என்றார். காற்றுக்கு முதுகு காட்டிக் கொட்டில், பாதியாக அறுத்த பீப்பாயில் தண்ணீர், நக்குவதற்கு ஓர் உப்புக்கட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இடுப்பு ஒடியும். "மாமா, இந்தக் கவனிப்ப என்னய ஒரு நாளு கவனிச்சா நானும் நாலு காலுல ஓடுவேன்" என்பேன். "ஒனக்கு வால் இல்லியே மாப்ள" என்பார்.

வேலி முனியாண்டி கல்லருகே வந்ததும் நேராக ஓடாமல் ஒதுங்கி வளைந்தது. சாமிக்கு வழி விட்டு, பெண்கள் விளக்கேற்ற வந்துபோக இடமும் விட்டிருந்தார். எல்லாருக்கும் திருப்தி.

அதற்கு அடுத்த வாரம் நான் வேலை முடிந்து வரும்போது கல்லடியில் கூட்டம். செவ்வரளிப் புதர் ஒன்றுகூட இல்லை. வேரோடு தோண்டி எடுத்து, கொஞ்சம் தள்ளி எரித்த சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த பெண்களெல்லாம் மாமாவைச் சுற்றி நின்றார்கள். காளியாயி என்று ஒரு கிழவி, வாய்க்குப் பேர்போனவள், முன்னால் வந்தாள்.

"யாருய்யா சாமி செடியில கைய வச்சது?"

மாமா எல்லார் முகத்தையும் பார்த்தார். அத்தை முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"தொரை சொல்லிட்டாரு" என்றார்.

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. எங்கள் தோட்டத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச்சு கிடையாது. யாருக்காவது லீவு இல்லையென்றால் தொரை சொல்லிட்டாரு. மாட்டுக்கொட்டிலை இடித்தால் தொரை சொல்லிட்டாரு. கணக்கப்பிள்ளையிலிருந்து கங்காணிவரை தங்களுக்கு வாயெடுக்கக் கூச்சமான எதையும் தொரை தலையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தொரையிடம் போய் ஏன் என்று கேட்க யாருக்கு நெஞ்சு உண்டு? ஆகவே அது பொய்யா மெய்யா என்று பார்க்கும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. நானும் நம்பினேன். அன்று சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதது கேட்டது.

குதிரை வந்தது. மாமா பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போய், கந்தப்பளை, இராகலை வழியாக நடத்தியே கூட்டிக்கொண்டு வந்தார். தொரை மகள் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்தாள். எங்களுக்கு அது செவலை. நல்ல உயரம், பயந்த கண். பந்தயத்தில் அடிவாங்கிய பிராணி போலிருக்கிறது, கை ஓங்கினாலே ஒதுங்கும். மாமா கை ஓங்கவே மாட்டார் என்பது புரிந்ததும் அவர் தோளில் தலையைத் தேய்க்கத் தொடங்கியது. காலையில் இருவரும் பாதையில் வருவதைப் பார்ப்பேன். அவர் நொண்டுவதற்குத் தக்கபடி அது மெதுவாக நடக்கும். பெரட்டில் கணக்கப்பிள்ளை அவரைக் கேட்பதை விட்டுவிட்டார். காம்பிராவும் தங்கியது.

அத்தை முதலில் பட்டிப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் கான் ஓரத்தில் ஒரு கைப்பிடி அருகம்புல் பிடுங்கி வேலிக்கு மேலே நீட்டினார். செவலை உதட்டால் துழாவி வாங்கிக்கொண்டது. அவ்வளவுதான், அதன்பின் தினமும் ஒரு கைப்பிடி. அருகம்புல் என்றால் செவலைக்கு உயிர். அதில் ஒரு நார் மிச்சம் வைக்காது. குழந்தைக்கு ஊட்டுவது மாதிரி "மெல்ல தின்னுடி, மெல்ல" என்று பேசிக்கொண்டே அத்தை கொடுப்பார். மூச்சு வாங்கும்போதுகூடப் போவார்.

ஆனால் அவர் மனசில் ஒரு பயம் உட்கார்ந்துவிட்டது. எங்கள் அம்மாவிடம் ஒருநாள் சொன்னார்.

"சாமி செடியப் புடுங்கிட்டு அந்த எடத்துல ஒரு சீவனக் கட்டிப்போட்டுருக்காக. எங்க பொழப்பே அது மேலதான் இருக்கு. எனக்கு வவுத்துல நெருப்பாவே இருக்கு மதினி."

அதற்கு அவர் ஒரு பரிகாரமும் செய்து வைத்திருந்தார். எரித்த அன்று சாம்பலுக்குப் பக்கத்தில் தப்பிக் கிடந்த ஒரு குச்சியை எடுத்து, லயத்துக்குப் பின்னால் விறகுக் குவியல் மறைவில் ஊன்றியிருந்தார். தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை அதற்கு ஊற்றுவார். மாமாவிடம் சொல்லவில்லை. தொரை உத்தரவை மீறி வீட்டிலேயே வளர்த்தார்கள் என்று தெரிந்தால் அவர் பேருக்கு வினை வந்துவிடும், தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறார். அரளி பிடிவாதக்காரச் செடி. அடுத்த வருஷம் கொத்துக்கொத்தாகப் பூத்தது.

அந்த ஐப்பசியில் ஆயுத பூசை. தொழிற்சாலையில் எனக்கு நிமிர நேரமில்லை. இயந்திரமெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட வேண்டும். கத்தி, மண் கிளறும் முள்ளு, லொறி, மருந்தடிக்கிற டப்பா, எதையும் விடமாட்டோம். எது சோறு போடுகிறதோ அதற்கு அன்று மாலை விழ வேண்டும். மாமாவைத் தொரை கொள்ளு வாங்கிவர உடப்புசல்லாவைக்கு, ஹமீத் முதலாளி கடைக்கு அனுப்பியிருந்தார்.

அத்தைக்குச் சோறு போடுவது செவலை. அதற்கு மாலை போடாமல் இருப்பாரா? பிற்பகல் குளித்துவிட்டு, விறகுக் குவியலுக்குப் பின்னால் போய்ச் செவ்வரளியைக் கொத்தும் இலையுமாக ஒடித்தார். அதன் உயிரான அருகம்புல்லையும் நிறையச் சேர்த்து, வாழைநாரில் நெருக்கிக் கட்டினார். கொஞ்சம் சாமி கல்லுக்கு, மிச்சம் செவலைக்கு. நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் மாலையைப் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். அத்தை அதை அம்மாவிடம் சொன்னபோது முகம் தெளிந்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் நெஞ்சு லேசாக இருந்தது என்று அம்மா சொன்னாள்.

கொள்ளு மூட்டையோடு மாமா வந்தபோது பொழுது சாயவில்லை. செவலை வேலியோரம் தலையைத் தொங்கவிட்டு நின்றது. உடம்பெல்லாம் வியர்வை, கால்கள் நடுங்கின. நெற்றியில் குங்குமம். யாரோ வந்து சொல்ல நான் ஓடினேன். தோட்டத்து மருந்துக்காரர் வந்து விளக்கெண்ணெய் புகட்டினார், வயிற்று நோவு என்றார். மாமா அதன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். மறுநாள் வெயில் ஏறுமுன் அது முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. தொரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டபோது உயிர் போய்விட்டிருந்தது. அப்போதுதான் மாமா புல்லில் குனிந்து எதையோ எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டதைக் கண்டேன்.

தொரை குதிரையையும் பார்த்தார், நெற்றிப் பொட்டையும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இந்தப் பொட்டு யார் வச்சது? யார் உள்ள வந்தது? என்ன குடுத்தது?"

கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கப் போனார். அதற்குள் மாமா முன்னால் வந்தார்.

"நாந்தாங்க வச்சேன். வேற யாரும் வரலிங்க. நேத்து புதுக் கொள்ளு கொண்டாந்தேன் தொரை. ஊற வைக்காம அப்புடியே குடுத்துட்டேன். வவுத்துல ஊதிருச்சு. எம் மேலதான் தப்புங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊறாத கொள்ளைக் குதிரைக்குக் கொடுக்கக்கூடாதென்று குதிரைக்காரன் வீட்டுப் பூனைக்கும் தெரியும். பட்டியில் முடிச்சைக்கூட வெளிப்பக்கம் போட்ட மனிதர் அப்படிச் செய்வாரா? தொரை அதை நம்பினார். நம்பாமல் என்ன, அவருக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. "முட்டாள்" என்றார். ஜீப்பில் உட்கார்ந்திருந்த மகள் அழுதுகொண்டிருந்தாள். "சொன்னேன். நீ போ" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். இந்த வாரத்துக்குள் காம்பிராவை விட்டுவிட வேண்டும் என்பதைக் கணக்கப்பிள்ளை தமிழில் விளங்கப்படுத்தினார்.

செவலையைப் பட்டிக்குள்ளேயே புதைக்கச் சொன்னார்கள். குழி வெட்டிய ஆட்கள் முகம் கழுவப் பீலிக்குப் போனபிறகு, நானும் மாமாவும் மட்டும் மண் தள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"யாரக் காப்பாத்த மாமா அப்புடிப் பொய் சொன்னீங்க?"

இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். வாழைநார். அதில் மென்று துப்பின மாதிரி இரண்டு இலை, ஒரு சிவப்பு இதழ்.

"அரளி குதிரைக்கு விசம் மூர்த்தி. ஆடு மாடு மோந்து பாத்துட்டு ஒதுங்கிரும், இதும் தனியா இருந்தா தொட்டுருக்காது. புல்லோட சேத்துக் கட்டிட்டா. அதான் அன்னைக்கு வேரோட புடுங்குனேன்."

"தொரை சொன்னாருன்னு சொன்னீங்களே?"

"தொரைக்கு அரளியும் தெரியாது, கிரளியும் தெரியாது. பிள்ளைக போன தொயரத்துல அவ வச்ச செடி. ஒரு குதிரைக்காக நான் புடுங்குறேன்னு அவ மூஞ்சியப் பாத்து எப்புடிச் சொல்றது? எல்லாப் பொம்பளைகளும் சுத்தி நின்னாளுக. வாயில வந்தது அதான்."

"விசம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அத்த செஞ்சிருக்காதே!"

கத்திவிட்டேன். மண்வெட்டியைப் பிடித்தபடி அவர் தலையாட்டினார்.

"ஆமா. ஒரு வார்த்ததான்."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் சொல்லிராத. அவ கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா அவ இருக்கமாட்டா" என்றார். நாரைக் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளினார். முகம் முறிக்காத மனிதர் மேல் எனக்கு வாழ்நாளில் வந்த ஒரே கோபம் அது. அழுகையும் வந்தது.

லயமெல்லாம் சாமி கோபம் என்றுதான் பேசியது. காளியாயி தொரையின் வம்சத்தையே இழுத்து மண்வாரித் தூற்றினாள். அத்தையும் அதையேதான் நம்பினார். மாலை போட்டும் சாமி மனம் இரங்கவில்லையே என்று சுவருக்கு அந்தப் பக்கம் புலம்பிக்கொண்டிருந்தார்.

அவர்கள் புறப்பட்ட காலையில் நான் பஸ் நிறுத்தம்வரை மூட்டை தூக்கிக்கொண்டு போனேன். அக்கரப்பத்தனைக்கு, எந்த வாசலில் நிற்கமாட்டேன் என்று அத்தை சொன்னாரோ அந்த வாசலுக்கு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பட்டியைக் கடக்கும்போது மாமா திரும்பிப் பார்க்கவில்லை. வேலிக் கம்புகள் கிளை விட்டுத் தழைத்திருந்தன. அத்தை ஈரச்சாக்கில் சுற்றிய எதையோ பச்சைப்பிள்ளை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேலே கொஞ்சம் இலை தெரிந்தது. மாமாவைப் பார்த்தேன். அவரும் அந்த இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வளைவில் தெரிந்ததும் அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார்.

"கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்குத் தெரியாம ஒரு குச்சி வளத்து வச்சிருந்தேன். போற எடத்துல சாமிக்கு நட்டுர்றேன். தொரை மட்டும் அன்னைக்கு அந்தச் செடியெல்லாம் விட்டு வச்சிருந்தா, நம்ம செவல உசுரோட இருந்துருக்கும். இல்லியா?"

மாமா வளைவில் வந்த பஸ்ஸைப் பார்த்தார்.

"ஆமா புள்ள" என்றார். அப்புறம், பஸ்ஸில் நெரிசலாக இருக்கும், ஒடிந்துவிடும் என்று சொல்லி, அந்தச் சாக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.